பெட்டி பாடாது

"அண்ணே, இன்டர்பேஸ மாத்தினா இது சரியாகிருமா?"

கொட்டாஞ்சேனையிலிருந்து அழைத்த பையன் கேட்டது. தேவாலயப் பாடற்குழுவில் பாடுகிறவன், நல்ல குரல். நத்தாருக்கென்று ஒரு பாட்டைத் தன் அறையிலேயே பதிந்து அனுப்பியிருந்தான். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்டேன். குரலுக்குப் பின்னால் மின்விசிறி. மின்விசிறிக்குப் பின்னால் தெரு. முதற் சரணத்தில் பக்கத்து வீட்டுக் குழாயடி. இரண்டாம் சரணத்தில் பேத்தோவன். கொழும்பு வாசகருக்கு இதற்குள் விளங்கியிருக்கும்: பாண் விற்கிற ஓட்டோ 'ஃபியூர் எலீஸ்' இசைத்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்திருக்கிறது.

அவனிடம் ஏற்கெனவே ஒரு பெட்டி, அதாவது ஓர் இன்டர்பேஸ், இருக்கிறது. அதைவிட விலை கூடிய இன்னொன்றுக்கு, லண்டனிலிருந்து வரும் மாமாவின் பயணப் பையில் இடமும் பிடித்துவிட்டான். நான் "ஓம்" என்று ஒரு சொல் சொன்னால் மாமா காசைக் கட்டிவிடுவார். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தொலைபேசியில் விளக்கியது அரைகுறையாகப் போயிற்று. முழுவதையும் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியை மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு அறைக்குள் ஒலிப்பதிவு செய்கிறவர்கள் இன்று ஏராளம். அரங்கேற்றத்துக்கு ஜதியும் பாட்டும் பதிகிற நடன ஆசிரியர்கள், திருவிழாவுக்குப் பக்திப் பாடல் போடுகிறவர்கள், ராப் பாடும் பெடியள், வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்குத் தேவாரம் பாடி அனுப்பும் அம்மம்மாக்கள். ஆளுக்கு ஆள் சங்கீதம் வேறு. சித்தாந்தம் மட்டும் ஒன்று. கணினிக்குள் இருக்கும் சவுண்ட் கார்ட் உதவாது, வெளியே ஓர் ஓடியோ இன்டர்பேஸ் வேண்டும். பதிவு நன்றாக வரவில்லையா, அதைவிட நல்ல இன்டர்பேஸ் வேண்டும். இதன் முதற் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாம் பாதி வெறும் மூடநம்பிக்கை.

இந்தக் கட்சிக்காரர் ஒன்றும் அறியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கிறது. மடிக்கணினியின் மைக் துளையில் செருகிப் பாடியபோது 'ஸ்ஸ்' என்று இரைந்தது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி ஒரு சின்னப் பெட்டி வாங்கினார்கள். இரைச்சல் போய்விட்டது. குரல் முன்னால் வந்து நின்றது. இது உண்மை, நானும் அனுபவித்தது. அதிலிருந்து அவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள்: முதற்படி ஏறியதற்கே இவ்வளவு என்றால், நாலாம் படியில் எவ்வளவு! அந்த வீட்டில் இரண்டாம் படியிலேயே தலை முகட்டில் முட்டும் என்பதை விற்கிறவர் சொல்வதில்லை.

பெட்டி செய்வதென்ன? மூன்று வேலை. மைக்கிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சிறியது. மேடை மேடையாக எல்லோரும் கையில் பிடிக்கும் ஷூர் எஸ்எம்58, பாடுகிறவர் உரத்துப் பாடினாலும் தருவது சில மில்லிவோல்ட்தான். அதை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருக்குவது முதல் வேலை. பெருக்கியதை வினாடிக்கு 44,100 தடவை அல்லது 48,000 தடவை அளந்து, எண்ணாக்கி, யூஎஸ்பி வழியே கணினிக்குத் தள்ளுவது இரண்டாவது. கணினியிலிருந்து திரும்பும் எண்களை ஒலியாக்கி ஹெட்போனில் கொடுப்பது மூன்றாவது. கண்டென்சர் மைக் என்றால் அதற்கு 48 வோல்ட் ஊட்டவும் வேண்டும். அவ்வளவுதான். பெட்டிக்குள் பாட்டு வாத்தியார் யாரும் ஒளிந்திருக்கவில்லை.

முதல் வேலையை எடுத்துக்கொள்வோம். எந்தக் கம்பியிலும் வெப்பத்தால் இலத்திரன்கள் அலைந்துகொண்டே இருக்கின்றன. அந்த அலைச்சலே ஓர் இரைச்சல். அதைப் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன்சன் அளந்தார், ஹரி நைக்விஸ்ட் 1928இல் கணக்காக எழுதி வைத்தார். வழக்கமான 150 ஓம் மைக் ஒன்றுக்கு அந்த இரைச்சலின் அடிமட்டம் ஏறத்தாழ -131 டிபியு (மின் அளவை டெசிபெலில் சொல்லும் அலகு). அதற்குக் கீழே போக எந்த நாட்டுக் கம்பனிக்கும் வழியில்லை; அது இயற்கை போட்ட கோடு. இன்று மாணவர்கள் வாங்கும் ஆரம்பநிலைப் பெட்டிகளின் குறிப்பேட்டிலேயே -127, -128 என்று அச்சிட்டிருக்கிறது. மேலே லட்சக்கணக்கில் காசு கட்டி வாங்கினாலும், இரைச்சல் விடயத்தில் கிடைக்கப்போவது அந்த மிச்சம் உள்ள ஒரு சில டெசிபெல்தான்.

சரி, அந்த ஒரு சில டெசிபெல் கொட்டாஞ்சேனை அறையில் கேட்குமா? இங்கேதான் மின்விசிறி வருகிறது. ஓடுகிற மின்விசிறியோடு ஓர் அறை 45 டெசிபெல் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கு இது பெருந்தன்மையான கணக்கு. மைக்குக்குக் கிட்ட நின்று பாடுகிற குரல் 90 டெசிபெல். இடைவெளி 45. ஒவ்வோர் அளவையும் எழுதும் எண்ணில் ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபெல். ஆக, குரல் முழுவதும் ஏழெட்டு பிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. பழைய இறுவட்டின் 16 பிட்டிலேயே மிச்சம் எட்டு பிட்டும் மின்விசிறிக்குப் போகிறது. 24 பிட் பெட்டி வாங்கினால் என்ன நடக்கும்? மின்விசிறி இன்னும் நுணுக்கமாகப் பதிவாகும். 24 பிட்டுக்கு நான் எதிரியில்லை. அளவைக் கொஞ்சம் குறைத்து வைத்து, உச்சத்தில் குரல் உடையாமல் பதிய அது வசதி. ஆனால் அந்த வசதி இன்று எல்லா மலிவுப் பெட்டியிலும் இருக்கிறது. அதற்காக மாமாவின் பையில் இடம் கேட்கத் தேவையில்லை.

அடுத்தது 192 கிலோஹேர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 192,000 தடவை அளப்பது. பெட்டியின் அட்டையில் இந்த எண்ணைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். வினாடிக்கு 44,100 தடவை அளந்தால் 22 கிலோஹேர்ட்ஸ் வரை உள்ள ஒலி முழுவதையும் மீட்டெடுக்கலாம் என்பது அதே நைக்விஸ்ட் தொடக்கி, குளோட் ஷனன் 1949இல் நிறுவிய கணிதம். மனிதக் காது, அதுவும் இளங்காது, 20 கிலோஹேர்ட்சோடு நின்றுவிடும். காலி வீதியில் பஸ்ஸில் போய் வருகிற நாற்பது வயதுக் காதுக்கு அதிலும் குறைவு. 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். உயர்தர இறுவட்டு ஒலியையும், அதையே சாதாரண இறுவட்டுத் தரத்துக்குச் சுருக்கியதையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது எது என்று கண்ணை மறைத்துக் கேட்டார்கள். 554 தடவையில் சரியாகச் சொன்னது 276. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: 2016இல் ஜோஷுவா ரைஸ் இத்தகைய பல ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்து, சராசரியாக 52.3 வீதம் கண்டுபிடிக்கிறார்கள், அது வெறும் தற்செயல் இல்லை என்று எழுதினார். ஏற்றுக்கொள்கிறேன். ஐம்பதுக்கு மேலே இரண்டேகால் வீதம். அதுவும் அமைதியான அறையில், நல்ல ஒலிபெருக்கியில், கவனித்துக் கேட்டபோது. உங்கள் பாட்டு யூடியூப்பில் ஏறும்போது நசுக்கப்பட்டு, 138ஆம் இலக்க பஸ்ஸில் ஒருவரின் தொலைபேசியில், அந்தச் சல்லிக்காசளவு ஒலிபெருக்கியில் ஒலிக்கப்போகிறது.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் எழுந்து நின்று "ரகுமானும் வீட்டில்தானே தொடங்கினார்" என்பார். தொடங்கினார். கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு ஒட்டிப் பஞ்சதன் ரெக்கோர்ட் இன்னைக் கட்டினார். 1992இல் 'ரோஜா' அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அவர் கட்டியது ஒரு கூடம். ஒலிக்கென்று சுவரும் கதவும் வைத்துக் கட்டிய கூடம். அதற்குள் நுழையும்போது பல வருடம் மற்ற இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்ட் வாசித்து, விளம்பரங்களுக்கு இசை போட்டு, கையும் காதும் பழுத்திருந்தன. இந்த இரண்டையும் விட்டுவிட்டு, அவருடைய மேசையில் என்ன பெட்டி இருந்தது என்று மட்டும் கேட்பது, சமையற்காரர் மீனை எங்கே வாங்கினார் என்று கேளாமல் சட்டியின் விலையை விசாரிப்பது போல.

நேர்மாறான கதையும் உண்டு. 1982இல் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜேர்சியில் தன் வீட்டு அறையில் இருந்துகொண்டு, நாலு தடக் கசெட் இயந்திரம் ஒன்றிலும் இரண்டு எஸ்எம்57 மைக்கிலும் சில பாட்டுகளைப் பதிந்தார். இசைக்குழுவுக்குக் கற்பிக்க மாதிரியாக வைத்தது அது. பிறகு பெரிய ஸ்டூடியோவில் முழுக்குழுவோடு முயன்று பார்த்தார்கள். அந்தக் கசெட்டில் இருந்தது திரும்பி வரவில்லை. கடைசியில் கசெட்டையே இசைத்தட்டாக வெளியிட்டார்கள். 'நெப்ராஸ்கா' அதுதான். இன்று நாம் வேண்டாமென்று ஒதுக்கும் எந்தப் பெட்டியும் அந்தக் கசெட் இயந்திரத்தை விடச் சுத்தமானது.

அவ்வளவு தூரம் போவானேன்? 1920களில் எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பில் வானொலிப் பரிசோதனை செய்தது, கைப்பற்றிய ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலிக் கருவிகளைப் பிரித்துச் செய்த ஒலிபரப்பியைக் கொண்டு. 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி தொடங்கியது. பிற்காலத்தில் அதே இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது குரல்களைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மரத்தடியில் கூடி நின்று கேட்டார்கள். எதன் வழியாக? ஐந்து கிலோஹேர்ட்சுக்கு மேல் எதையும் பெரிதாகக் கடத்தாத, ஏறி இறங்கும் சிற்றலை வழியாக. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' இரண்டும் பரவியபோது பிட்டும் இல்லை, கிலோஹேர்ட்ஸ் விளம்பரமும் இல்லை. இன்றைக்கும் கலியாண வீட்டில் அந்த இரண்டில் ஒன்று இல்லாமல் கூட்டம் கலைவதில்லை. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று புலம்புகிற வழக்கம் எனக்கில்லை. அந்த ஒலிப்பதிவுகள் பல இடத்தில் கரகரக்கத்தான் செய்கின்றன. வானொலி நிலையத்தில் ஓர் ஒலிக்கூடம் இருந்தது, கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் வெளியே நின்றது என்பதுதான் நான் பிடித்துக்கொள்கிற செய்தி.

நமக்கு அந்தக் கதவு இல்லை. வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடியை எடுங்கள். ஒரு பக்கம் காலி வீதி. மறுபக்கம் மெரைன் டிரைவ், அதற்கு அப்பால் கரையோரப் புகையிரதப் பாதை, அதற்கு அப்பால் கடல். டீசல் இஞ்சின் வருவது காதுக்குக் கேட்பதற்கு முன் மேசைக்குத் தெரியும். மைக் தாங்கி வழியாக அதிர்வு மேலே ஏறும். காலையில் காகம். பத்து மணிக்குப் பக்கத்துக் காணியில் புதிய மாடி எழும்பும் துளைகருவி. பின்னேரம் கோயில் மணி, பாங்கு, பாண் வண்டி. கொட்டாஞ்சேனையில் பட்டியல் வேறு, நீளம் ஒன்றுதான்: சாந்த லூசியாள் பேராலய மணி, துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறி, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி நாடகம், மழை வந்தால் தகரக் கூரை.

வெளிச்சத்தத்தை விடக் கொடியது உள்ளே இருக்கிறது. நம் அறைகள் பத்தடிக்குப் பத்தடி, பதினோரடி. தரைக்கு மாபிள், சுவருக்குப் பூச்சு, யன்னலுக்குக் கண்ணாடி. நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். 'டங்' என்று தகரத்தில் தட்டியது போல ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வால் குரலின் ஒவ்வொரு சொல்லிலும் ஒட்டும். 'பாத்றூமில பாடின மாதிரி இருக்கு' என்று கேட்கிறவர்கள் சொல்வது இதைத்தான். பதிந்த பிறகு, குரலைக் கெடுக்காமல் இதை முழுதாக நீக்குவது கடினம். பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டியும் பத்து லட்ச ரூபாய்ப் பெட்டியும் இந்த வாலை ஒரே விசுவாசத்தோடு பதியும்; விலை கூடியது கொஞ்சம் கூடுதல் விசுவாசத்தோடு.

முட்டை அட்டை ஒட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை: ஒட்டாதீர்கள். அது சத்தத்தை மறிக்காது, கரப்பானுக்கு வீடாகும். ரெயிலின் உறுமல் 50 ஹேர்ட்ஸ் அளவில் என்றால் அந்த அலையின் நீளம் ஏழு மீற்றர். அரை அங்குல அட்டை அதை என்ன செய்யும்? அதை மறிக்கக் கனமான சுவர் வேண்டும், வாடகை வீட்டில் அது நடக்காது. ஆகவே நேரத்தைத்தான் தெரிவு செய்ய வேண்டும். அறைக்குள் குதிக்கும் குரலை அடக்க மட்டும் வீட்டிலேயே சாமான் இருக்கிறது: மெத்தை, கனத்த போர்வை, திறந்து வைத்த அலுமாரி. அம்மாவின் சாறிகள் நிறைந்த அலுமாரிக் கதவைத் திறந்துவிட்டு, அதற்கு முதுகு காட்டிப் பாடச் சொல்லி நான் எடுத்த பதிவுகளை, எந்த ஸ்டூடியோ என்று கேட்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரியது தூரம். மைக்கை இரண்டு அடியிலிருந்து அரை அடிக்குக் கொண்டுவந்தால் அறையோடு ஒப்பிடும்போது குரல் 12 டெசிபெல் உயரும். ஒரு சதம் செலவில்லை. முன்னே ஒரு பத்தியில் லட்சம் கொடுத்து வாங்கியது எத்தனை டெசிபெல் என்று நினைவிருக்கட்டும். கண்டென்சர் மைக் அறையை இழுக்கும், டைனமிக் இழுக்காது என்பது இங்கே பரவலான பேச்சு. அதுவும் பாதிக் கதை. டைனமிக்கை நாம் வாயோடு வைத்துப் பாடுகிறோம், கண்டென்சரைத் தள்ளி வைக்கிறோம். வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்தத் தூரத்தினுடையது. என்றாலும் கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு டைனமிக்கை நான் சிபாரிசு செய்வேன், வேறொரு காரணத்துக்காக. ஈரக்காற்றில் கண்டென்சரின் மெல்லிய தகடு சில நாட்களில் பொரியரிசி போலப் படபடக்கும். சிலிக்கா பொட்டலத்தோடு மூடி வைக்கப் பொறுமை இருந்தால் வாங்குங்கள்.

வெளிச்சத்தம் நின்றால் என்ன ஆகும் என்பதை ஒரு தடவை பார்த்தேன். 2022 மார்ச் கடைசி. நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாத நாட்கள். அடுத்த ஒழுங்கையில் இளைப்பாறிய சங்கீத ஆசிரியை ஒருவர், பிள்ளைகளுக்கு அனுப்பப் பத்துத் தேவாரம் பதிந்து தரச் சொல்லிப் பல நாளாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு சத்தம். "தம்பி, ஃபானை நிப்பாட்டினா எனக்கு மூச்சு முட்டுது, போட்டா உமக்குச் சரிவராது, பிறகென்ன செய்யிறது?" என்பார். அன்றிரவு மின்விசிறி தானாகவே நின்றுவிட்டது. குளிர்பெட்டி இல்லை, பக்கத்து மாடியின் ஏசி இல்லை, தெருவிளக்கும் இல்லை, வாகனமும் அருந்தல். மடிக்கணினியில் மின்கலம் பாதி இருந்தது. கணினியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் என்னிடமிருந்த ஆகக் குறைந்த விலைப் பெட்டி, ஒரு மைக், தொலைபேசி வெளிச்சம். வியர்வை வழிய வழிய அவர் பாடினார். மூன்று பாட்டுக்கு ஒருக்கால் யன்னலைத் திறந்து காற்று வாங்கினோம். இத்தனை வருடத்தில் நான் பதிந்ததில் சுத்தமான பதிவு அதுதான். பாட்டுக்கு நடுவில் அவர் மூச்சு எடுக்கும் இடங்களில் ஒன்றுமே இல்லை, வெறும் இருட்டு.

அதைக் கேட்ட அயலவர் ஒருவர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி: "எந்த இன்டர்பேஸ்?" சொன்னேன். அதே மாடலைத் தேடி வாங்கினார். அதற்குள் மின்சாரம் வந்துவிட்டிருந்தது.

மின்சாரம் என்றதும் இன்னொன்று. 'பெட்டி பழுது, ம்ம்ம் என்று இரைகிறது' என்று கடையில் திருப்பிக் கொடுக்கப் போனவர் ஒருவரைப் பாதி வழியில் மறித்திருக்கிறேன். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அந்த ஐம்பதும் அதன் மடங்குகளும்தான் அந்த 'ம்ம்ம்'. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றினார். சத்தம் நின்றது. நிலக்கம்பி இணைப்புச் சரியில்லாத சுவர்த்துளை, இரண்டு முள் சார்ஜர், ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் செருகிய நீட்டுவயர், இவைதான் நம் வீடுகளில் பாதி 'பழுது'. நாலு நிமிடப் பாட்டுக்கு மின்கலம் தாராளம்.

பெட்டியே வேண்டாம் என்ற கட்சியும் இப்போது கிளம்பியிருக்கிறது. கையில் இருக்கும் தொலைபேசியே போதும், மிச்சமெல்லாம் வியாபாரம் என்கிறார்கள். என் கட்டுரையை அவர்கள் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளக் கூடாது. பாட்டும் மிருதங்கமும் ஒரே நேரத்தில் தனித்தனித் தடத்தில் வேண்டுமானால் இரண்டு மைக் செருகும் பெட்டி வேண்டும். மேலே பாடப் பாடத் தன் குரலைப் பிந்தாமல் ஹெட்போனில் கேட்க வேண்டுமானால் பெட்டி வேண்டும். கணினிக்குள் போய்த் திரும்பி வரும் குரல் இருபது, முப்பது மில்லிவினாடி பிந்தினால் பாடகர் தாளத்தை விட்டுவிடுவார். பெட்டியிலிருந்தே நேராகக் கேட்கும் பொத்தான் அதற்காகத்தான் இருக்கிறது, அதுவும் மலிவுப் பெட்டிகளிலேயே இருக்கிறது. எட்டுப் பேர் கொண்ட குழுவை ஒன்றாகப் பதிகிறீர்களா, எட்டு மைக் செருகும் பெட்டி வாங்குங்கள், நான் வந்து தூக்கிக்கொண்டு வருகிறேன். ஒன்று வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். இரண்டாவதை ஏன் என்று கேட்கிறேன்.

விலை கூடிய பெட்டியில் குரலுக்கு ஒரு 'சூடு' வரும், ஒரு நிறம் வரும் என்பார்கள். இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பெரிய ஒலிக்கூடங்களில் ரூபர்ட் நீவ் வடிவமைத்த ஒலிக்கலவை மேசைகளுக்கு அப்படி ஒரு பேர் உண்டு. வேடிக்கை என்னவென்றால், இன்று வீட்டு மேசைகளில் சிவப்பாகக் கிடக்கும் ஸ்கார்லெட் பெட்டியைச் செய்யும் ஃபோகஸ்ரைட்டை 1985இல் தொடங்கியவரும் அதே நீவ்தான். ஆனால் அந்த நிறம் தெரிய அடியில் வெள்ளைத் துணி வேண்டும். நம்முடையது மின்விசிறிக் கறை படிந்த துணி.

காசுக் கணக்கை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்கலாம். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய். மே மாதத்தில் 360. நூறு டொலர்ப் பெட்டி ஒன்று, யாரும் தொடாமலே, 20,000 ரூபாயிலிருந்து 36,000 ஆனது. அதற்கு மேல் வரி. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி மட்டும் 18 வீதம். கனடாவில் இருக்கிற ஒருவர் 'அப்கிரேட் பண்ணு' என்று சொல்வது அவருக்கு ஒரு நாள் சம்பளம். கொட்டாஞ்சேனையில் கடையில் நிற்கும் பையனுக்கு அது ஒரு மாதம், இரண்டு மாதம். அந்தக் காசில் அவன் ஆறு மாதம் குரற்பயிற்சிக்குப் போகலாம். பாட்டுக்குத் தாளம் போடும் ஒருவருக்கு மரியாதையாக ஒரு தொகை கொடுக்கலாம். நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கினால் தன் பதிவில் உள்ள குறையாவது அவனுக்குக் கேட்கும். மாமாவின் பையில் அந்த இடத்தை ஹெட்போனுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

'புதுப் பெட்டி வந்தால் ஓர் உற்சாகம் வரும், பாட்டுப் பிறக்கும்' என்பது கடைசி வாதம். அந்த உற்சாகம் எனக்கும் தெரியும். இரண்டு கிழமை இருக்கும். பிறகு பெட்டியின் மென்பொருளைத் தரவிறக்கம் செய்வதில் மூன்றாம் கிழமை போகும். பாட்டு எழுதுகிறவர்கள் பெட்டி பிரிக்கும் காணொளி பார்ப்பதில் இரவைக் கழிப்பதை நான் கண்ணால் காண்கிறேன்.

இதை ஏற்காதவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்றிரவு உங்கள் அறையில், வழக்கமாகப் பதிகிற இடத்தில், வழக்கமான அளவில், ஒரு நிமிடம் யாரும் பாடாமல் பதியுங்கள். பிறகு மைக்கைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, அதே அளவில் இன்னொரு நிமிடம். இரண்டையும் ஹெட்போனில் கேளுங்கள். இரண்டாவதில் கேட்பதுதான், ஏறத்தாழ, பெட்டியின் சத்தம். அது முதலாவதை விடப் பெரிதாக இருந்தால் எனக்கு அனுப்பி வையுங்கள்; மாமாவை நானே கூப்பிட்டு அந்தப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்கிறேன்.